சீட்டுக் கேட்பவன் யார்? கொடுப்பவன் யார்?

எல்லைப் பிரதேசங்களுக்குச் செல்ல அனுமதிச் சீட்டுப் பெறுவது குறித்து எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை பிரயாணிகளின் புலம்பல்கள். எத்தனை நாள் காத்திருந்தோம், எத்தனை புகைப்படம் கொடுத்தோம், எந்தக் கந்தோரில் எந்த உத்தியோகத்தர் முகங்கொடுத்துப் பேசவில்லை என்பவற்றோடு அவை முடிந்துவிடுகின்றன. மறுபுறத்திலே, தேசப் பாதுகாப்பு என்ற ஒரு சொல்லைக் கொண்டு எந்தத் தடையையும் நியாயப்படுத்திவிடும் கூட்டம் ஒன்றும் உண்டு. முதற் சாரார் தனிமனித சுதந்திரம் என்பர். இரண்டாஞ் சாரார் இராச்சியத்தின் இறைமை என்பர். ஆயின் அந்தத் தடைக்கு அப்பால், அந்த மலைகளிலே பிறந்து அங்கேயே உழைத்து வாழும் மனிதனை இரு சாராரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தச் சீட்டு அவனைக் காக்கிறதா, அல்லது அடைத்து வைக்கிறதா? முற்போக்காளர் எழுப்ப வேண்டிய கேள்வி இதுவே. இக்கேள்வியை விட்டுவிட்டு, "எல்லாச் சீட்டையும் கிழித்தெறி" என்று முழங்குவதும், "எல்லாச் சீட்டும் நன்மைக்கே" என்று தலையாட்டுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரு முகங்களாகும்.

இதனை ஆராய்வதற்கு வடகிழக்கு இந்தியாவைப் போல் ஏற்ற களம் வேறில்லை. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய நான்கு மாநிலங்களுக்குள் நுழைய இந்தியப் பிரஜைக்கே சீட்டு வேண்டும். மதுரையிலிருந்து தவாங் மடாலயத்தைக் காணப் போகும் ஒருவர், தமது சொந்த நாட்டின் ஒரு பகுதிக்குச் செல்ல "உள்ளெல்லைக் கோட்டு அனுமதி"யைப் பெற்றாக வேண்டும். அவரோடு யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் புறப்படுவாராயின், அவர் அந்நியர். விசாவுக்கு மேலதிகமாகப் "பாதுகாக்கப்பட்ட பிரதேச அனுமதி" என்ற வேறொரு சீட்டை அவர் பெற வேண்டும். அது பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற பிரயாண முகவர் ஒருவரின் மூலமே வரும். தனியே செல்வோருக்கு எளிதிற் கிட்டாது. இரண்டும் பார்வைக்கு ஒரே வகைக் காகிதங்கள். ஒரே சாவடியில் ஒரே காவலர் அவற்றைப் பார்வையிடுகிறார். ஆனால் அவற்றின் பிறப்பு வேறு, நோக்கம் வேறு, அவை செய்யும் வேலையும் வேறு. இந்த வேறுபாட்டைக் காண மறுப்பதிலிருந்தே எல்லாக் குழப்பங்களும் தொடங்குகின்றன.

முதலில் உள்ளெல்லைக் கோட்டின் பிறப்பைப் பார்ப்போம். மலைவாழ் மக்களின் பண்பாட்டைக் காப்பதற்காகப் பிரித்தானியர் வரைந்த கோடு அது என்று இன்றும் பாடப் புத்தகத் தோரணையிலே சொல்லப்படுகிறது. உண்மை வேறு. 1839இல் இலண்டனில் அசாம் கம்பனி உருவாயிற்று. அடுத்து வந்த முப்பது ஆண்டுகளில் தேயிலை சமவெளியை விழுங்கி மலையடிவாரத்தை எட்டியது. லூஷாய் மக்களின் வேட்டைக் காடுகளுக்குள் துரைமாரின் அளவுச் சங்கிலி புகுந்தது. 1871இல் கச்சார்ப் பகுதியில் அலெக்ஸாண்டிராப்பூர் தோட்டம் தாக்கப்பட்டது. தோட்டத் துரை ஒருவர் கொல்லப்பட்டார், அவருடைய சிறுமகள் சிறைபிடிக்கப்பட்டாள். உடனே படையெடுப்பு நடந்தது. படையெடுப்புக்கோ பெரும் பணம் வேண்டும். ஒவ்வொரு துரையின் பேராசைக்கும் பின்னால் ஒரு படையை அனுப்ப ஏகாதிபத்தியத்தின் கணக்குப் புத்தகம் இடங்கொடுக்கவில்லை. 1873ஆம் ஆண்டின் வங்காளக் கிழக்கு எல்லைப்புற ஒழுங்குவிதி இவ்வாறுதான் பிறந்தது.

அந்த ஒழுங்குவிதியைப் படிப்போருக்கு அதன் உள்ளம் வெள்ளிடைமலையாகத் தெரியும். கோட்டுக்கு அப்பால் சீட்டின்றிச் செல்லலாகாது என்று அது சொன்னது. வெளியார் அங்கே நிலம் வாங்கலாகாது என்றது. அத்தோடு இறப்பர், மெழுகு, யானைத் தந்தம் முதலிய காட்டுப் பொருள்களின் பெயர்களையும் மறவாமல் எழுதி வைத்தது. காட்டுச் செல்வத்தை யார் எடுப்பது, எந்த வழியால் எடுப்பது என்பதே அதன் கவலை. எந்தப் பண்பாட்டைக் காக்கும் சட்டத்தில் இறப்பரும் தந்தமும் இடம்பெறும்? தேயிலைக்குப் புதிய நிலம் வேண்டியபோது கோடும் நகர்ந்து கொடுத்தது. கோட்டுக்கு இப்பால் வரி, நீதிமன்றம், நில உறுதி; அப்பால் இவை எதுவுமில்லை, தேவைப்படும்போது படை மட்டும் போகும். இதுவே அதன் முழு இலட்சணம்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடலாகாது. கோட்டுக்கு அப்பால் மலைவாசி அடைக்கப்பட்ட அதே காலத்தில், கோட்டுக்கு இப்பால் தோட்டத் தொழிலாளியும் அடைக்கப்பட்டிருந்தான். சோட்டா நாக்பூரிலிருந்தும் பிற வறிய பிரதேசங்களிலிருந்தும் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட அவன் தோட்டத்தை விட்டு ஓடினால், பிடியாணை இன்றியே அவனைப் பிடிக்கும் அதிகாரத்தை 1865ஆம் ஆண்டின் சட்டம் துரைக்கு வழங்கியிருந்தது. இலங்கை மலையகத்தின் கதையை அறிந்தோருக்கு இது புதிதல்ல. பழைய தோட்டத்தின் கடனைக் காட்டும் "துண்டு" இல்லாமல் ஒரு தொழிலாளி இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாதிருந்த காலம் இங்கும் இருந்தது. 1921இலேதான் அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அசாமிலும் கண்டிச் சீமையிலும் பருகியவர் சுவைத்தது ஒரே முதலின் தேயிலை. காகிதத்தினால் மனிதனைக் கட்டும் வித்தையும் அந்த முதலின் வித்தையே.

அப்படியானால், 1947இல் இந்தியா சுதந்திரம் பெற்றதும் இக்கோடு அழிந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். அழியவில்லை. "பிரித்தானியக் குடிகள்" என்றிருந்த இடத்தில் "இந்தியப் பிரஜைகள்" என்று 1950இல் மாற்றி எழுதப்பட்டது. விதி அப்படியே நின்றது. இதனையொட்டி எழுந்த வாதம் இன்றும் படிப்பினை தருவது. வெரியர் எல்வின், நேருவின் ஆதரவோடு, வடகிழக்கு எல்லைப்புற முகவரகத்தின் மலைமக்களை வெளியாரின் வேகத்துக்கு ஆளாக்காமல் அவர்தம் போக்கிலேயே வளரவிட வேண்டுமென வாதித்தார். சோஷலிஸ்டாகிய ராம் மனோகர் லோகியாவோ, ஒரு பிரஜை தன் நாட்டில் எங்கும் செல்லும் உரிமையுடையவன் என்று கூறி, 1950களின் இறுதியில் அனுமதியின்றி அப்பிரதேசத்துள் நுழைய முயன்று கைதானார்.

லோகியாவின் துணிவை நாம் மதிக்கிறோம். ஆயினும் அவரது வாதத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. எல்லோருக்கும் எங்கும் செல்லும் உரிமை என்பது காகிதத்தில் சமத்துவமாகத் தோன்றும். நடைமுறையில், கையில் முதலுள்ள வியாபாரியும் கைமுதலற்ற மலை உழவனும் ஒரே திறந்த வாசலின் முன் சமமானவர் அல்லர். திறந்த வாசலின் வழியே முதலில் வருபவன் வட்டிக்காரன். அவன் பின்னே வருபவன் நிலம் வாங்குபவன். அண்டையிலுள்ள திரிபுராவைப் பாருங்கள். அங்கே இத்தகைய கோடு இல்லை. ஒரு காலத்தில் பெரும்பான்மையினராயிருந்த பழங்குடி மக்கள் 2011ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கில் மூன்றிலொரு பங்கினருக்கும் குறைவு. வந்து சேர்ந்தோரிற் பலர் பிரிவினையால் வீடிழந்த வறிய அகதிகள். அவர்கள்மேல் பழிபோடுவது அநீதி. எனினும் நிலத்தை இழந்தவனின் இழப்பு அதனால் குறைந்துவிடாது. மக்கள் தொகை மாற்றம் ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பதை இலங்கைத் தமிழ் வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

இக்காரணத்தினாலேதான் வரலாற்றின் வேடிக்கை ஒன்று நிகழ்ந்திருக்கிறது. ஏகாதிபத்தியம் தன் இலாபத்துக்காக வரைந்த கோட்டை, அக்கோட்டால் அடைக்கப்பட்ட மக்களே இன்று தமது கேடயமாகப் பற்றி நிற்கின்றனர். 2019இல் மேகாலய சட்டசபை தங்களுக்கும் அக்கோடு வேண்டுமென ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. எதிரியின் கையிலிருந்து பறித்த வாளை, அது எதிரியின் பட்டறையில் அடிக்கப்பட்டது என்பதற்காக எவனும் வீசி எறிவதில்லை.

ஆனால் அவ்வாளின் கூர் எத்திசையிலெல்லாம் வெட்டும் என்பதையும் பார்த்தாக வேண்டும். மணிப்பூரின் கதை இதற்குச் சான்று. அங்கே முன்னிருந்த அனுமதி முறை 1950இல் நீக்கப்பட்டது. அதனை மீளக் கோரி எழுந்த கிளர்ச்சியில் 2015 ஜூலையில் இம்பாலில் பள்ளி மாணவன் ஒருவன் பொலிஸ் நடவடிக்கையில் உயிரிழந்தான். அடுத்த மாத இறுதியில் சட்டசபை மூன்று மசோதாக்களை நிறைவேற்றியது. உடனே சுராசந்த்பூரில் மலைமக்கள் கொதித்தெழுந்தனர். "மண்ணின் மைந்தர்" யார் என்ற வரையறை தங்களையே வெளியாராக்கிவிடும் என அஞ்சினர். ஒன்பது பேர் மாண்டனர். அவர்களின் உடல்களை உறவினர் அடக்கஞ் செய்ய மறுத்து, 2017 வரை வைத்திருந்தனர். சமவெளியான் கேடயமென்று கண்டதை மலையான் கத்தியென்று கண்டான். பின்னர் 2019 டிசம்பரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிர்ப்பு வலுத்தபோது, மத்திய அரசு ஒரே வாரத்தில் மணிப்பூருக்கு அனுமதி முறையை வழங்கிவிட்டது. உள்ளெல்லைக் கோட்டுப் பிரதேசங்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கும் கொடுத்தது. மாணவனின் உயிருக்குக் கிடைக்காதது அரசின் தேவைக்குக் கிடைத்தது. மக்களின் பாதுகாப்பு, மேலிடத்தின் பேரம் பேசும் நாணயமாகிவிட்டதென்பதை விளக்க வேறு என்ன வேண்டும்? 2023 மே மாதத்தில் அதே மணிப்பூர் பற்றி எரிந்தபோது, எந்தச் சீட்டும் எந்த ஏழையையும் காப்பாற்றவில்லை.

கேடயத்தின் நிழலிலே வர்க்கம் மறைந்துவிடுவதும் இல்லை. மிசோரத்தில் சில நாட்களுக்கு வரும் பிரயாணிக்குத் தற்காலிகச் சீட்டு எளிதிற் கிட்டும். மாதக்கணக்கில் தங்கி வேலை செய்யும் தொழிலாளிக்கோ உள்ளூரார் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்பவனே வேலை கொள்பவனாயின், கூலி கேட்கும் தொழிலாளியின் வாயை அடைக்க வேறு பூட்டு எதற்கு? எல்லைப் பாதைகளைச் செப்பனிடும் பீகாரியும் ஜார்க்கண்ட் ஆதிவாசியும் இக்காகிதத்தின் முழுப் பாரத்தையும் சுமக்கின்றனர். பணமுள்ள வெளியாரோ உள்ளூர் மனிதரின் பெயரில் உரிமப் பத்திரம் எடுத்துப் பின்னால் நின்று கடை நடத்துகின்றனர். கோடு ஏழையைத் தடுக்கிறது. முதலுக்கு வளைந்து கொடுக்கிறது. சுபன்சிரி ஆற்றில் 2005இல் தொடங்கிய 2000 மெகாவாட் அணை வேலை, கீழே அசாம் சமவெளி மக்களின் எதிர்ப்பினால் 2011 இறுதியிலிருந்து 2019 வரை நின்றது. கோடு அந்த அணையைத் தடுக்கவில்லை. உழவரின் ஒற்றுமையே தடுத்தது. சியாங் பள்ளத்தாக்கில் 2025 மே மாதத்தில் பேரணைக்கான ஆய்வுக்கு ஆயுதப் படையின் துணையோடு துளையிடும் இயந்திரங்கள் வந்தபோதும், அவற்றை மறித்து நின்றது சாவடி அன்று, கிராமத்து மக்களே.

*

இனி, அந்நியருக்கான இரண்டாவது சீட்டைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டும். அந்நியர் நுழைவதைக் கட்டுப்படுத்தும் பாதுகாக்கப்பட்ட பிரதேச ஆணை அவ்வாண்டில் வந்தது. நாகா மலைகளிலும் மணிப்பூரிலும் ஆயுதப் படைகளுக்கு விசேட அதிகாரம் வழங்கும் சட்டமும் அதே ஆண்டிலேதான் வந்தது. ஒன்று, சந்தேகத்தின் பேரில் சுடவும் பிடியாணையின்றிப் பிடிக்கவும் சிப்பாய்க்கு உரிமை கொடுத்தது. மற்றது, அங்கு நடப்பதை வெளியுலகத்தான் வந்து பார்ப்பதற்குத் தடை போட்டது. துப்பாக்கியும் திரையும் ஓராண்டுக் குழந்தைகள்.

இங்கே ஒரு சிறு விஷயத்தை உற்றுநோக்குக. உள்ளெல்லைக் கோடு வியாபாரியை நிறுத்துகிறது, மாணவனை நிறுத்துகிறது, ஆய்வாளனை நிறுத்துகிறது. கடமையில் வரும் படைவீரனுக்கு அக்கோடு இல்லை. 1966 மார்ச்சில் ஐஸ்வால் நகரின்மேல் குண்டு பொழிந்த இந்திய விமானங்கள் எந்தச் சாவடியில் சீட்டுக் காட்டின? 2021 டிசம்பர் 4ஆம் திகதி மாலை, நாகாலாந்தின் மொன் மாவட்டத்தில் ஓட்டிங் கிராமத்து நிலக்கரித் தொழிலாளர் ஆறு பேர் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலே படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த நாள் முடிவதற்குள் மாண்ட பொதுமக்களின் தொகை பதினான்காயிற்று. மாநிலப் பொலிசார் 2022இல் முப்பது படையினர்மீது குற்றப் பத்திரம் தாக்கல் செய்தனர். வழக்கு நடத்த மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்கிறது 1958ஆம் ஆண்டுச் சட்டம். அந்த அனுமதி மறுக்கப்பட்டது. 2024இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. அனுமதி என்ற சொல்லின் மிகக் கொடிய பொருள் இதுவே. மலைக்கு வருபவனுக்கு மட்டுமன்று, மலையிலே கொல்லப்பட்டவனுக்கு நீதி கேட்பதற்கும் டில்லியின் அனுமதி தேவைப்படுகிறது.

அந்நியருக்கான கட்டுப்பாடு மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து ஆகியவற்றில் 2011 முதல் தளர்த்தப்பட்டிருந்தது. மணிப்பூரின் நெருப்பு அணையாதிருந்த 2024 டிசம்பரில், பாதுகாப்பைக் காரணங்காட்டி அது மீண்டும் பூட்டப்பட்டது. 2025இல் பழைய அந்நியர் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் ஒன்று வந்தது. பெயர் மாறியது, பூட்டு மாறவில்லை. சாட்சி மிகவும் தேவைப்படும் வேளையிலே சாட்சிக்கான வாசல் மூடப்படுவது தற்செயல் என்று நம்புவோர் நம்பட்டும்.

எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் இந்த வித்தை ஒன்றே. திபெத்துக்குப் போகும் வெளிநாட்டவர், சீன விசாவோடு இன்னொரு சீட்டும் பெற்று, முகவரும் வழிகாட்டியும் சூழவே செல்ல வேண்டும். செங்கொடி பறப்பதனால் திரை மெல்லியதாகிவிடவில்லை. தஜிகிஸ்தானின் பாமிர் மலைப் பிரதேசத்துக்கும் தனிச் சீட்டு உண்டு; அங்கே 2022 மே மாதத்தில் மக்கள் எழுச்சி இரத்தத்தில் நசுக்கப்பட்டபோது வெளியே வந்த செய்தி சொற்பம். நமது நாட்டிலும் 2014 அக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையோர் வடமாகாணம் செல்லப் பாதுகாப்பு அமைச்சின் முன்னனுமதி வேண்டுமென உத்தரவிடப்பட்டது. புலம்பெயர்ந்த மகன் தாயைப் பார்க்க வருவதற்கும் அமைச்சின் தயவு தேவைப்பட்டது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அந்த உத்தரவு நீக்கப்பட்டது. நீக்கியதனால் நாடு ஆபத்துக்கு உள்ளாகவில்லை. அப்படியாயின் அது யாரைக் காக்கப் போடப்பட்டது?

*

மூன்றாவது வகைச் சீட்டு ஒன்று உண்டு. பிரயாணிகளின் புலம்பலில் அது இடம்பெறுவதேயில்லை. மலைவாசி தன் சொந்த மண்ணில் நடமாடுவதற்கு வைத்திருக்க வேண்டிய சீட்டு அது.

1967 முதல் மிசோ மலைகளில் நூற்றுக்கணக்கான கிராமங்கள் வெறுமையாக்கப்பட்டு, மக்கள் பெருவீதிகளின் ஓரத்தில் வேலியடைத்த முகாம்களில் குவிக்கப்பட்டனர். மலாயாவில் பிரித்தானியர் கையாண்ட தந்திரத்தையே சுதந்திர இந்தியா பின்பற்றியது. அங்கிருந்து தன் புனத்துக்குச் சென்று விதைப்பதற்கும் உழவன் சீட்டுப் பெற வேண்டும். பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும். வெளியாரிடமிருந்து அவனைக் காப்பதாகச் சொன்ன உள்ளெல்லைக் கோடு அப்போதும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. அவனை அவனுடைய வயலிலிருந்து பிரித்தவர்களுக்கு அது தடையாகவில்லை.

பழங்கதை என்று இதனைத் தள்ளிவிட முடியாது. இந்திய, மியன்மார் எல்லை நாகரையும் மிசோக்களையும் குக்கிகளையும் இரண்டாகப் பிளந்து செல்கிறது. நாகாலாந்தின் லொங்வா கிராமத்தில் தலைவரின் வீட்டுக்குள்ளாகவே அக்கோடு ஓடுகிறது. அடுக்களை ஒரு நாட்டில், படுக்கை மற்றொரு நாட்டில். இவ்வாறு பிளக்கப்பட்ட மக்கள் விசாவின்றி அப்புறம் சென்றுவர ஒரு காலத்தில் 40 கிலோமீற்றர் வரை இடமிருந்தது. 2004இல் அது 16 ஆயிற்று. 2024 பெப்ரவரியில் அந்த ஏற்பாட்டையே ஒழிக்கப் போவதாக டில்லி அறிவித்தது. மிசோரம், நாகாலாந்து சட்டசபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. ஆண்டு முடிவில் 10 கிலோமீற்றருக்குள், சீட்டோடு மட்டும் போகலாம் என விதி வந்தது. 1,643 கிலோமீற்றர் நீளத்துக்கு வேலியும் போடப்படும் என்கின்றனர். தமையன் வீட்டுச் சாவுக்குப் போகத் தம்பி எல்லைச் சீட்டுக் கேட்டு நிற்கிறான். இவனுடைய பண்பாட்டைத்தான் நூற்றைம்பது ஆண்டுகளாக எல்லோரும் பாதுகாத்து வருகிறார்கள்!

இந்த மூன்றாவது சீட்டை இலங்கைத் தமிழர் உடம்பால் அறிவர். 1990களில் புலிகளின் ஆளுகைப் பிரதேசத்திலிருந்து வெளியேறப் பிணையாள் வைத்துப் "பாஸ்" எடுத்தோம். வவுனியாவை அடைந்ததும் அங்கே தங்குவதற்கு அரச தரப்பின் "பாஸ்" எடுத்தோம். இரு தரப்பும் நமது பாதுகாப்புக்காகவே அதனைக் கொடுப்பதாகச் சொன்னன. வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நோயாளியும், பரீட்சைக்குப் போக வேண்டிய மாணவனும் வரிசையில் நின்றனர். மனிதனுடைய அவசரத்தை அளப்பதற்கு இன்னொரு மனிதன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஆகவே, சீட்டு நல்லதா கெட்டதா என்ற வெறும் கேள்விக்கு விடையில்லை. எந்த எல்லைப்புறச் சீட்டைக் கண்டாலும் நாம் கேட்க வேண்டியவை வேறு. அதனைக் கொடுப்பதும் மறுப்பதும் அங்கே வாழும் மக்கள் தெரிந்தெடுத்த சபையா, தொலைவிலுள்ள அமைச்சா? மறுக்கப்பட்டவன் காரணம் கேட்கவும் நீதிமன்றம் செல்லவும் வழியுண்டா? நிலம் வாங்க வருபவனையும் நடந்ததை எழுத வருபவனையும் அது வேறுபடுத்துகிறதா? கூலித் தொழிலாளியைத் தடுக்கும் அதே கடுமையோடு கம்பனியையும் இராணுவத்தையும் தடுக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, மண்ணுக்குரியவன் தன் மண்ணில் நடக்க அதனைக் காட்ட வேண்டியிருக்கிறதா?

இவற்றின்படி பார்த்தால் நமது நிலைப்பாடு தெளிவானது. மலைமக்கள் தமது நிலத்தைக் காக்கும் உரிமையை நாம் ஆதரிக்கிறோம். அதற்கு 1873ஆம் ஆண்டின் துரைத்தனக் காகிதம் போதாது. நிலம் கைமாறுவதைத் தடுக்கும் சட்டம் அவர்கள் கையில் வேண்டும்; அங்கே உழைக்க வரும் ஏழைக்குக் கூலிப் பாதுகாப்பு வேண்டும். பத்திரிகையாளனையும் ஆய்வாளனையும் மனித உரிமைச் சாட்சியையும் மறிக்கும் சீட்டை எதிர்க்கிறோம். சொந்த மண்ணில் மனிதனை அந்நியனாக்கும் சீட்டை, அதை அச்சடித்தவன் எக்கொடி பிடித்தவனாயினும், ஒரு கணமும் பொறுக்கவியலாதென்கிறோம்.

பிரயாணியே, உனது சீட்டு ஒரு வாரம் பிந்தியதற்காக நீ கோபப்படுகிறாய். கோபப்படு, அது உன் உரிமை. ஆயினும் அடுத்த முறை அந்தச் சாவடியில் நிற்கும்போது, உனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவனைத் திரும்பிப் பார். விறகுக் கட்டையோ நெல் மூட்டையோ சுமந்து நிற்கும் அவன், உன்னைப் போல் மலையைப் பார்க்க வந்தவன் அல்லன்; வீட்டுக்குப் போகிறவன். அவனிடம் ஏன் சீட்டுக் கேட்கிறார்கள் என்று அந்தக் காவலரைக் கேள்.